மணி... 'ஈ' காட்டு!

உங்க வீட்ல நாய் இருக்கா? கடைசியா எப்போ அதோட உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தீங்க?

'என்னது... நாய்க்குப் பல்லா?'னு ஜெர்க் ஆகாதீங்க. போன வருஷம் யாராவது என்கிட்ட இதைக் கேட்டிருந்தா நானும் இப்படித்தான் முழிச்சிருப்பேன். இப்போ தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு எங்க வீட்ல நாய்க்குப் பல் தேய்க்கிற வைபவம் நடக்குது. சிரிக்காதீங்க மக்களே, இதுக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை இருக்கு.

எங்க வீட்டு ஹீரோ பேரு மணி. அக்மார்க் நாட்டு நாய். நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு மழை நாள்ல என் சைக்கிள் கூடையில ஏறி வீட்டுக்கு வந்தவன். எந்த வம்புதும்புக்கும் போகாத ஜென்டில்மேன். அவன்கிட்ட ஒரே ஒரு குறைதான்... வாய் நாத்தம்! மணி ஒரு கொட்டாவி விட்டா, ஹால்ல டி.வி. பார்க்கிற மொத்தக் குடும்பமும் வாசலுக்கு ஓடணும்.

ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு நான் வந்து இறங்கினா, பாய்ஞ்சு வந்து மூஞ்சியை நக்கப் பார்ப்பான். "ச்சீ... போடா அந்தப் பக்கம்!"னு நான் முகத்தைத் திருப்பிக்குவேன். "நாய் வாய் நாறாம, மல்லிகைப்பூ வாசமா வரும்?"னு அப்பா கலாய்ப்பார். ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா நல்லி எலும்பு மணிக்குத்தான். "எலும்பைக் கடிச்சாலே நாய்க்குப் பல்லு விளக்கின மாதிரிடா"னு அப்பத்தா சொன்னா, அதுக்கு வீட்ல அப்பீல் கிடையாது. ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு.

போன வருஷம் செமஸ்டர் லீவுல வந்து பார்த்தா, மணியோட வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம். "குளவி கொட்டியிருக்கும்"னு அப்பத்தா மஞ்சள் அரைச்சுப் பத்துப் போட்டாங்க. நாலு நாள்ல வீக்கம் வத்தின மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரம் மறுபடி வீங்கி, உடைஞ்சு, சீழ் வழிய ஆரம்பிச்சதும்தான் அலறியடிச்சுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

டாக்டர் மேடம் கண்ணைச் சும்மா ஒரு பார்வைதான் பார்த்தாங்க. நேரா மணியோட மேலுதட்டைத் தூக்கினாங்க. "தம்பி, இது கண்ணுல வந்த பிரச்னை இல்ல. பல்லு!"

பார்த்தேன் பாஸ். போர்த் தண்ணி பிடிக்கிற பக்கெட்ல உப்புக் கறை கெட்டியாப் படியும் பாருங்க, அப்படி ஒரு பழுப்புக் காரை கடைவாய்ப் பல் முழுக்க அப்பியிருந்துச்சு. ஈறு செக்கச்செவேல்னு வீங்கி, தொட்டாலே ரத்தம். மேல் வரிசையில இருக்கிற பெரிய கடைவாய்ப் பல் பக்கவாட்டுல பிளந்திருந்துச்சு. அந்தப் பல்லோட வேர் கண்ணுக்கு நேர் கீழே வரைக்கும் போகுமாம். வேர்ல சீழ் பிடிச்சா, வீக்கம் கண்ணுக்குக் கீழேதான் தெரியுமாம். பல்லை உடைச்சது எது தெரியுமா? நாங்க 'டூத் பிரஷ்'னு நினைச்சுப் போட்ட அதே நல்லி எலும்பாத்தான் இருக்கும்னாங்க மேடம்.

"ஆனா நல்லாத்தான் சாப்பிட்டுட்டு இருந்தான் மேடம்..."னு இழுத்தேன்.

"வலிச்சாலும் நாய் சாப்பிடும் தம்பி. அவ்ளோ சுலபமா வலியைக் காட்டிக்காது."

அப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. கொஞ்ச நாளா ஒரு பக்கமாவே மென்னது, வாயில எடுத்த பிஸ்கட்டைக் கீழே போட்டுட்டு மறுபடி எடுத்தது, உயிரா வெச்சிருந்த ரப்பர் பந்தைச் சீண்டாம விட்டது, தலையைத் தடவப் போனா விலகினது... எல்லாமே வலியாம். நாத்தம்கூட அந்தச் சீக்கோட அடையாளம்தானாம். மணி ரெண்டு வருஷமா எங்க மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லிட்டேதான் இருந்திருக்கான். நாங்கதான் முகத்தைத் திருப்பிக்கிட்டோம்.

மருந்து கொடுத்துச் சீழை அடக்கிட்டு, டவுன்ல ஆபரேஷன். ரத்தம் டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து, முழு மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கணும். 'மயக்க மருந்துல ஏதாவது ஆகலாம்'னு ஒரு ஃபாரத்துல அப்பா கையெழுத்துப் போட்டார். எப்பவும் கலாய்க்கிற மனுஷன், அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலை. ஆறு பல் போச்சு. தள்ளாடிக்கிட்டே வெளியே வந்தவன், எங்களைப் பார்த்ததும் வாலை ரெண்டே ரெண்டு ஆட்டு ஆட்டினான். அவ்ளோதான், அம்மா ஓன்னு அழுதுட்டாங்க.

அன்னிக்கு மேடம் எடுத்த கிளாஸைத்தான் இப்போ உங்களுக்கு எடுக்கப் போறேன். கவனிங்க.

வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல். நம்மளைவிட 10 பல் எக்ஸ்ட்ரா! நமக்கு வர்ற மாதிரி சொத்தைப் பல் அதுங்களுக்கு அதிகம் வராது. ஆனா ஈறு நோய் ரொம்ப சகஜம். சாப்பிட்டதும் பல் மேல கிருமிகள் வழவழன்னு ஒரு படலமாப் படியுது. துடைக்காம விட்டா, எச்சில்ல இருக்கிற தாது உப்பு சேர்ந்து ரெண்டு மூணு நாள்லயே காரையாக் கெட்டிப்படும். படலமா இருக்கிற வரைக்கும் உங்க பிரஷ்ஷுக்கு வேலை. காரையாயிட்டா, டாக்டர் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். ஏன்னா, பல்லுல வெளியே தெரியுறதைவிட ஈறுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற காரைதான் டேஞ்சர். மயக்கமே கொடுக்காம சுரண்டினா பல்லு பளபளன்னு தெரியும், ஈறுக்குள்ள இருக்கிற சீக்கு அப்படியே இருக்கும்.

அதனாலதான் தினமும் ஒரு ரெண்டு நிமிஷம். எப்படித் தேய்க்கிறதுனு கேக்குறீங்களா? முதல்ல எப்படித் தேய்க்கக் கூடாதுனு சொல்றேன். புண்ணெல்லாம் ஆறி, டாக்டர் ஓகே சொன்ன அன்னிக்கே நான் ஹீரோ மாதிரி பிரஷ்ஷோட போய், மணியை மடக்கிப் பிடிச்சு வாயில விட்டேன். ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேர்ந்து அவன் வெளியே வரலை. டோட்டல் ஃபெயிலியர்!

அம்மாதான் ரூட்டை மாத்தினாங்க. முதல் வாரம் பிரஷ்ஷே கிடையாது. பக்கத்துல உட்கார்ந்து, உதட்டைத் தூக்கி, விரலால பல்லை ஒரு தொடு. உடனே ஒரு துண்டு வேகவெச்ச கோழிக்கறி... எலும்பு இல்லாம! ரெண்டாவது வாரம் விரல்ல சுத்தமான துணியைச் சுத்தி, நாய்க்குன்னே விக்கிற பேஸ்ட்டைத் தொட்டு லேசாத் துடைச்சாங்க. கோழி வாசனையில வருது அந்தப் பேஸ்ட்! மணி தேய்க்க விட்டானோ இல்லையோ, நக்கி நக்கிச் சாப்பிட்டான். மூணாவது வாரம்தான் பிரஷ். குழந்தைங்க யூஸ் பண்ற மெத்து பிரஷ்ஷே போதும்.

நேருக்கு நேரா நின்னு பிடிக்காதீங்க, பக்கத்துல உட்காருங்க. வாயைப் பிளக்கவும் வேண்டாம். உதட்டை மட்டும் தூக்கி, ஈறும் பல்லும் சேர்ற இடத்துல பிரஷ்ஷைச் சாய்ச்சுவெச்சு, சின்னச் சின்ன வட்டமாத் தேய்ங்க. கன்னத்துப் பக்கம் இருக்கிற வெளிப்புறம்தான் முக்கியம். உள்பக்கத்தை அதோட நாக்கு ஓரளவு பார்த்துக்கும். மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லுலேர்ந்து ஆரம்பிங்க. எச்சில் சுரக்கிற வாசல் அங்கதான் இருக்கு, அதனால காரையும் அங்கதான் சீக்கிரம் சேரும்.

நம்ம பேஸ்ட்டை மட்டும் மறந்தும் போட்டுடாதீங்க. நாய்க்குத் துப்பத் தெரியாது, அப்படியே முழுங்கிடும். அதுல இருக்கிற ஃப்ளோரைடும் நுரையும் வயித்துக்கு ஆகாது. சில பேஸ்ட்லயும் சர்க்கரையில்லாத சூயிங்கம்லயும் இனிப்புக்காகப் போடுற சைலிட்டால், நாய்க்கு விஷம். ரத்தத்துல சர்க்கரையைத் தடாலடியா இறக்கி, கல்லீரலையும் கெடுத்துடும். உப்புத்தூள், கரித்தூள் வைத்தியமும் வேண்டாம். எலும்புக்கும் தடா! வேகவெச்ச எலும்பு சில்லுசில்லா உடைஞ்சு தொண்டையில, குடல்ல குத்தும். கடிக்க ஏதாவது கொடுக்கணும்னா, உங்க நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் பதியலைன்னா அது பல்லை உடைக்கும்னு அர்த்தம்.

இன்னும் ஒண்ணு. வாய்க்குள்ள கைவிடுற வேலை இது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷா வருஷம் தவறாமப் போட்டுடுங்க. ஏற்கெனவே ஈறு வீங்கியிருந்தா, ரத்தம் கசிஞ்சா, பல் ஆடினா பிரஷ்ஷைத் தொடாதீங்க. முதல்ல டாக்டர். வலிக்கிற வாயில தேய்ச்சா, அப்புறம் ஜென்மத்துக்கும் பிரஷ்ஷைக் கிட்ட சேர்க்காது. வீட்ல குட்டி இருந்தா நீங்க லக்கி. உதட்டைத் தூக்குற விளையாட்டை இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க.

இந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அதே பாய்ச்சல், மூஞ்சிக்கு நேரா அதே வாய். என்னையறியாம திரும்பின முகத்தை நிறுத்திட்டேன். மல்லிகைப்பூ வாசம் வரலைதான். ஆனா அந்தப் பழைய நாத்தமும் இல்ல. பொறுமையா முழு மூஞ்சியையும் நக்க விட்டேன். ரெண்டு வருஷக் கடனாச்சே!

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை உங்க வீட்டு மணியோட உதட்டைத் தூக்கிப் பாருங்க பாஸ். அது உங்ககிட்ட எதையோ சொல்லிட்டு இருக்கலாம்.

நான் இப்போ ஹாஸ்டல்லேர்ந்து வீட்டுக்கு போன் போட்டதும் கேக்குற முதல் கேள்வி, "மணிக்குப் பல் தேய்ச்சாச்சா?"தான். நேத்து அம்மா அடிச்சாங்க பாருங்க ஒரு பஞ்ச்... "அவன் சமத்தாத் தேய்ச்சுட்டுத் தூங்கிட்டான். மணி பதினொண்ணாச்சு, நீ தேய்ச்சியாடா?"

ஹி... ஹி... டவர் சரியில்லம்மா, அப்புறமா பேசுறேன்!