முதலில் ஓர் அறை

பழைய நட்சத்திர ஓட்டல்களைப் புதுப்பிக்கும் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பணம் ஒதுக்கி, வரைபடம் எல்லாம் கையெழுத்தான பிறகும் நூறு அறைகளில் ஒரே நேரத்தில் கை வைக்கமாட்டார்கள். முதலில் ஓர் அறையை மட்டும் முழுதாகச் செய்து முடிப்பார்கள். தரை, கட்டில், விளக்கு, குளியலறைக் குழாய், திரைச்சீலை என்று ஒன்றும் பாக்கி இருக்காது. அதற்கு மாதிரி அறை என்று பெயர். அதில் ஆட்கள் படுத்து எழுந்து குறை சொல்லி, அந்தக் குறைகள் தீர்ந்த பிறகுதான் வேலை அடுத்த அறைக்கு நகரும். கட்டட வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இந்தக் கட்டுப்பாடு குடும்பங்களுக்கும் வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன்.

முதலில் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887 டிசம்பரில் ஒரு கடற்கரைப் பங்களாவில் பத்தே அறைகளோடு தொடங்கியது அது. 1899இல் பிரதானக் கட்டடம் எழுந்தது. மின்விளக்கும் மின்விசிறியும் வந்தன. பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கு ஒன்றைச் சேர்த்தது, ஒன்றை மறைத்தது. 1987இல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1989இல் ஓட்டலை மூடி, 16 கோடி வெள்ளி செலவில் புதுப்பித்து 1991இல் திறந்தார்கள்.

நூறு வயதுக் கட்டடத்தை எந்த வயதுக்குத் திருப்புவது? அந்த வேலையில் இறங்குமுன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஓட்டல் புகழின் உச்சியில் இருந்த 1915ஆம் ஆண்டுத் தோற்றத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு முடிவு இருந்தால்தான் எதை விடுவது, எதை எடுப்பது என்று மேஸ்திரிக்கும் தெரியும். மறுபடி 2017இல் வேலை தொடங்கி 2019இல் முடிந்தபோது, விருந்தினர் அறைத் தொகுதிகள் 103இலிருந்து 115 ஆயின. ஆனால் முன்னால் உட்காரும் கூடம், நடுவே படுக்கை, பின்னால் குளியலறை என்ற பழைய அமைப்பு அப்படியே நின்றது. அறைக்கு வெளியே நீளும் தாழ்வாரமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பழைய கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலை பாதிதான். மீதி சுவருக்குள் இருக்கிறது. அந்தக் காலத்துச் செங்கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். அது ஈரத்தை வாங்கும், காய்ந்த நாளில் திருப்பி வெளியே விடும். அதன்மேல் அவசரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றுவிடும். கொஞ்ச காலம் சுவர் பளபளவென்று இருக்கும். பிறகு பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். விவரம் தெரிந்த கொத்தனார் சுவரைப் பார்த்துப் பேசமாட்டார். தட்டிப் பார்த்துப் பேசுவார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பிடிப்பு விட்ட இடம் 'டொப்'பென்று பொக்கையாக ஒலிக்கும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் மட்டும் கொத்தி எடுத்து, ஊறவைத்த சுண்ணாம்பால் மறுபடி பூசுவார். நல்ல பூச்சை ஒரு விரற்கடைகூடத் தொடமாட்டார். கெட்டது எது, நல்லது எது என்று பிரித்தறியும் இந்தப் பொறுமைக்குத்தான் பழைய கட்டடத்தில் கூலி.

இப்போது மாதிரி அறைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் அப்படி ஓர் அறை தயாரானது. முதலாளிகளும் வடிவமைப்பாளர்களும் பகல் வெளிச்சத்தில் வந்து, நின்றபடியே பார்த்துவிட்டு, பிரமாதம் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு, அந்த மாடியில் அறை சுத்தம் செய்யும் அம்மாவை அழைத்து, "இந்தக் கட்டிலை விரிச்சுக் காட்டுங்கம்மா" என்றேன். அவர் உறையை உதறிப் போட்டார். மெத்தையின் ஓரத்தில் கையை நுழைத்தார், கை போகவில்லை. கட்டிலைச் சுற்றி அழகுக்காக அடித்த தேக்குச் சட்டம் மெத்தையை இறுக்கிப் பிடித்திருந்தது. "கை உள்ளே போகலையே சார், துணியை எப்படிச் செருகுறது?" என்றார். எத்தனையோ பேர் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் யார் கண்ணுக்கும் படாத குறை அது. எல்லா அறைகளிலும் அந்தச் சட்டத்தை அடித்த பிறகு தெரிந்திருந்தால், அத்தனை கட்டில்களையும் பிரித்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த அம்மாவின் மணிக்கட்டு ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுத்திருக்கும்.

அன்று இரவு எங்களில் ஒருவர் அங்கேயே படுத்தார். விடிந்ததும் ஒரு பட்டியல் தந்தார். ஏசிக் காற்று நேராகத் தலையில் அடிக்கிறது. விளக்கை அணைக்கக் கட்டிலைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. கதவின் அடியிடுக்கு வழியே நடைபாதை வெளிச்சம் கண்ணில் விழுகிறது. இருட்டில் குளியலறைக்குப் போனால் படி காலைத் தட்டுகிறது. நின்று பார்த்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை. படுத்துப் பார்த்தவருக்கு எல்லாம் தெரிந்தது.

மும்பை தாஜ் மகால் ஓட்டலின் கதை இன்னொரு பாடம். 1903இல் திறந்த அந்தக் கட்டடம் முதல் உலகப் போரின்போது 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக இருந்தது. 2008 நவம்பர் 26இல் தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் அங்கே உயிர்கள் போயின. பழைய பகுதி தீயில் வெந்தது. பின்னாளில் கட்டிய கோபுரப் பகுதியை ஒரு மாதத்துக்குள்ளேயே, டிசம்பர் 21இல் திறந்துவிட்டார்கள். பழைய அரண்மனைப் பகுதிக்கு மட்டும் அவசரப்படவில்லை. அது 2010 ஆகஸ்ட் 15 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. திறக்க முடிந்ததை உடனே திறந்தார்கள். காயம் ஆழமாக இருந்த இடத்துக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தார்கள். இழப்புக்குப் பிறகு எழ நினைக்கும் எந்த வீட்டுக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புகிறான். ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். திண்ணை போகிறது, வழுவழுவென்று டைல்ஸ் வருகிறது. அம்மா கை பற்றி நடந்த தூண் போகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஒரு மழைநாளில் ஈரத்தரையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறார். மகனிடம் பாசத்துக்குக் குறைவில்லை. அவனும் நின்றுதான் பார்த்திருக்கிறான். அம்மா படுக்கும் இடத்தில் ஓர் இரவு படுத்து, இருட்டில் எழுந்து நடந்து பார்த்திருந்தால் அந்த டைல்ஸ் வந்திருக்காது.

வீட்டை மாற்றுவது மட்டும் மாற்றம் ஆகாது. பெற்றோரைக் கிராமத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு அழைத்துவருவதும், பிள்ளையை விடுதியில் சேர்ப்பதும், வேலையை விட்டுத் தொழில் தொடங்குவதும் மாற்றம்தான். நிலத்தை விற்றுவிட்டுப் பெற்றோரை அழைத்துவராதீர்கள். முதலில் ஒரு கோடைக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்று பாருங்கள். என் வயதுக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கத் தயங்குகிறவர்கள் முதலில் ஒரு கணக்கை, ஒரு சாவியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்ததைக் கொடுக்கத் தைரியம் தானாக வரும்.

பழசு என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மாற்றாமல் விட்ட வயரிங்கும் துருப்பிடித்த குழாயும் எந்த அரண்மனையையும் அழித்துவிடும். துணிந்து மாற்றுங்கள். ஆனால் எதைத் தொடக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஓர் அறையை மட்டும் மாற்றுங்கள். அதில் ஓர் இரவு நீங்களே படுங்கள். விடிந்ததும், அந்த அறையைத் தினமும் கூட்டிப் பெருக்குகிறவரிடம் என்ன குறை என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சரிசெய்த பிறகு அடுத்த அறைக்குப் போங்கள்.