நெத்தியில சூரியன்

செரண்டா தாண்டியதும் ரயில் சன்னலில் செம்பனை வந்துவிடும். பத்தாங் காலியில் இறங்கும்வரை என் காதில் ஒரே பாட்டுதான். எங்கள் தாமானில் பக்கத்து வரிசை அண்ணன், மெத்தையைச் சுவரில் சாய்த்து எதிரொலியை அடக்கி, தன் அறையிலேயே பதிந்தது. வெளியீடு கிடையாது. கைப்பேசி கைப்பேசியாக மாறி என்னிடம் தங்கிவிட்டது.

2006-ல் மலேசிய ஹிப் ஹாப் பாடகர்கள் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது மோட்டார் வைத்திருந்த பையன்கள் எல்லாருக்கும் ‘மடை திறந்து’ மனப்பாடம். அதற்கு எட்டு வருடம் முன்பே யோகி பி பொயட்டிக் அம்மோ குழுவோடு ஆல்பம் போட்டுவிட்டார். அவர்கள் திறந்த வழியில்தான் அண்ணனும் வந்தார். ஆனால் அவர் வரிகள் வானொலிக்குப் போகிற வரிகள் இல்லை. 555 நோட்டில் எழுதுவார், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே குட்டி நோட்டு.

“நெத்தியில சூரியன் முளைச்ச பொம்பளைங்க, வெள்ளையா அழுவுது காடு.”

என்ன அர்த்தம் என்று கேட்டேன். “கேட்டுக்கிட்டே இருடா” என்றார். எனக்குக் கோபம்.

இதே கோபம் தாத்தாவிடமும் வந்திருக்கிறது. லயத்து வாசலில் உட்கார்ந்து கடுவெளிச் சித்தரின் ஆண்டிப் பாட்டைப் பாடுவார். குயவனிடம் கெஞ்சி வாங்கிய தோண்டியை ஆண்டி கூத்தாடிப் போட்டு உடைக்கிற பாட்டு. கெஞ்சிய மாதங்களைச் சொல்லும்போது சித்தர் நான்கையும் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நான் பெருக்கி இருபத்துநான்கு என்றேன். ஒரு தோண்டிக்கு இரண்டு வருடமா? தாத்தா சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. அக்கா மாசமாக இருந்தபோது, அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கூட்டிப் பார்த்தேன். பத்து. தோண்டி, உடம்பு. தாத்தா அப்போது இல்லை.

பிறகு அமெரிக்காவின் ராப்பர் எம்எஃப் டூமைக் கேட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு பாடியவர். 2004-ல் மேட்லிப்போடு அவர் செய்த ‘மேட்வில்லனி’யில் எனக்குப் பாதி பிடிபடவில்லை. ஆனாலும் கேட்டேன். பிடிபடாத வரியைப் பூட்டியபடியே வைத்துக்கொள்ள தாத்தா எப்போதோ பழக்கியிருந்தார். இன்றைக்கும் புரியாத பாட்டு என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்கு மனசு வலிக்கிறது.

அண்ணனின் வரியைத் திறந்தது அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்தபடி, ஸ்பீக்கரில் ஓடியதைக் கேட்டு நின்றுவிட்டார். “பால்வெட்டப் போறதைத்தானே சொல்றான்?”

நெற்றியில் கட்டும் விளக்கு. விடியுமுன் ரப்பர் மர நிரையில் நடக்கிற பெண்கள். கோடு கிழித்த பட்டையில் இறங்கும் பால். அம்மா இருபது வருடம் செய்த வேலை. அவர் கிளம்பும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்த விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. ஹிப் ஹாப் என்ற பெயர்கூட அறியாத அம்மாவுக்கு அந்த வரியில் மறைபொருளே இல்லை.

“ஆனா நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கார்பைட் வெளக்குடா. அந்த வாடையைச் சொல்லலையே.”

அன்று சாயங்காலமே போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் 555 நோட்டை எடுத்தார்.