மண்சட்டியும் பீங்கான் கிண்ணமும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறும். அவ்வேங்கடமே திருமலை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதி, 2022 ஏப்ரல் முதல் தன் பெயரிலேயே தனி மாவட்டமாயிற்று. இளைய மகனுக்கு முடி காணிக்கை செலுத்தும் பொருட்டுச் சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அங்குச் சென்றோம். கீழ்த் திருப்பதியில் எங்கள் அத்தை வாழ்கிறார். அவருக்கென ஆறு பீங்கான் கிண்ணங்களை எடுத்துச் சென்றோம்.

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரம். பீங்கானால் பெயர் பெற்ற ஊர். குப்பியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற செங்கற் சூளைகள் ஒரு காலத்தில் இங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் இருந்தனவாம். 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தால் நிலக்கரிச் சூளைகளின் காலம் முடிந்தது. இன்று நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு. அவற்றுள் புகைவது ஒன்றுமில்லை.

பீங்கான் செய்யும் மறையைச் சீனர் பல நூற்றாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தனர். சாக்சனி நாட்டு மன்னன் அகஸ்டஸ், பொன் செய்ய வல்லேன் என்று பெருமை பேசிய பாட்கர் என்னும் இளைஞனைச் சிறைப்படுத்தி வைத்தான். பொன் வரவில்லை, 1708-இல் பீங்கான் வந்தது! 1710-இல் மைசனில் ஆலை எழுந்தது. ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். எரித்த மாட்டெலும்பின் சாம்பலை வெண்களிமண்ணோடு சேர்த்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டோக் நகரத்து ஜோசயா ஸ்போடு அம்முறையைச் செம்மைப்படுத்தினார். ‘போன் சைனா’ என்பது அதுவே. விளக்கொளியில் பிடித்தால் விரலின் நிழல் மறுபுறம் தெரியும். அந்த அழகில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல். மைசன் முறைப் பீங்கானில் எலும்பு இல்லை. ஊருக்குப் பரிசு கொண்டு செல்லும் அன்பர்கள் கிண்ணத்தின் அடியில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்பது நன்று. நாங்கள் படித்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பொருள் என்ற பெருமை ஒன்றே மனத்தில் நின்றது.

அத்தை மடி ஆசாரம் உடையவர். ஆயினும் பீங்கானை வெறுப்பவர் அல்லர். அவர் வீட்டு ஆவக்காய் ஊறுவதே பெரிய பழுப்பு ஜாடியில்தான். கிண்ணங்களைக் கண்டதும் குழந்தை போல மகிழ்ந்தார். மறுநாள் விடியலில் நீராடி, அவற்றுள் ஒன்றில் பால் ஊற்றி, வேங்கடவன் படத்தின் முன் வைத்துக் கைகூப்பினார். அப்போதுதான் எங்களுக்கு எலும்பு நினைவுக்கு வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாய் திறக்கவில்லை.

அன்றே அலிபிரியிலிருந்து படி ஏறினோம். ஏறத்தாழ 3,550 படிகள். பிள்ளைகள் முன்னே ஓடினர். எங்களுக்குக் காலைவிட மனமே கனத்தது. வழியில் உடன் ஏறிய முதியவர் ஒருவர் குறும்பறுத்த நம்பியின் கதையைச் சொன்னார். அவர் குயவர். கோயிலுக்குச் செல்ல ஓய்வின்றி, வனையும் இடத்திலேயே களிமண்ணால் பூச்செய்து பெருமாளுக்குச் சாத்துவாராம். தொண்டைமான் மன்னன் சாத்திய பொற்பூக்களின் மேல் அம்மண்பூக்கள் கிடந்தனவாம். இன்றும் குலசேகரன் படியைத் தாண்டி உள்ளே செல்லும் நைவேத்தியம் தயிர்சாதம்; அதுவும் புதிய மண்சட்டியின் உடைந்த பாதியில் வைத்தே என்பது கோயில் மரபு. நாள்தோறும் புதுச்சட்டி. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. உட்கொண்டதைக் கழுவிப் போக்க இயலாது. நம் குயவர் சூளையின் வெப்பம் 1,000 பாகைக்குள் அடங்கும். பீங்கானோ 1,200 பாகைக்கும் மேல் வெந்து, கண்ணாடி போல் இறுகி, எதனையும் உறிஞ்சாது. தூய்மைக்கு அதுவே ஏற்றது என்று ஸ்டோக் நகரத்தார் எவரும் வாதிடுவர். அவ்வாதம் அன்று எங்களுக்குத் துணை வரவில்லை.

முடி இறக்கி, தரிசனம் முடித்து, மறுநாள் மாலை கீழே வந்தோம். அத்தையிடம் உண்மையைச் சொன்னோம்.

“எதன் எலும்பு?” என்றார்.

“மாட்டெலும்பு, அத்தை.”

சற்று நேரம் பேச்சில்லை. “நான் பால் படைத்தபோது உங்களுக்கு இது தெரியுமா?”

“அப்போதுதான் நினைவு வந்தது.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே. இன்று காலையும் அதிலேதான் படைத்தேன்.”

அவ்வளவே சொன்னார். நீராடினார், பூசையறையைக் கழுவினார், வெண்கலக் கிண்ணத்தில் புதிதாகப் பால் காய்ச்சி வைத்தார். இரவு உணவை எப்போதும் போல் பரிமாறினார். குழந்தைகளுக்கு மட்டும் இரு கவளம் மிகுதியாகவே வைத்தார். எங்கள் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

புறப்படும் நாளில் ஆவக்காய் ஒரு புட்டி கொடுத்தார். பிறகு, தம் பழைய நூற்புடவை ஒன்றைக் கிழித்து, கிண்ணம் ஒவ்வொன்றையும் தாமே சுற்றினார். “விலை உயர்ந்தவை, வழியில் உடையக் கூடாது” என்றார். ஆறும் உடையாமல் வந்து சேர்ந்தன. புடவைத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். அத்தைக்கு இவ்வாண்டு என்ன கொண்டு செல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.