எந்தப் பெட்டியில் டிக்

வடபழனியில் பிரியாணிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த எடிட்டிங் அறை. நான் போனபோது திரையில் ஒரு முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. எடிட்டருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஸ்டூலில் அவருடைய மாமா. ஒரு காலத்தில் ஃபிலிம் லேபில் வேலை பார்த்தவர்.

கல்யாணத்தைப் படம் பிடித்தவை மூன்று கேமராக்கள். மணப்பெண்ணின் ஒரே கூறைப்புடவை சோனியில் அரக்குச் சிவப்பாகவும் கேனனில் தக்காளிச் சிவப்பாகவும் இருந்தது. எடிட்டர் சோனி கிளிப் ஒன்றை எடுத்து, பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தார். அதை கன்ட்ரோல் சி கொடுத்துக் காப்பி எடுத்தார். அடுத்த நாற்பது கிளிப்புகளைச் சேர்த்துப் பிடித்து, பிரீமியர் மென்பொருளில் கன்ட்ரோல், ஆல்ட், வி. எதையெல்லாம் ஒட்டுவது என்று கேட்டுச் சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது.

"இங்கதான் சார் வேலையே இருக்கு."

மோஷன், ஒபாசிட்டி, டைம் ரீமேப்பிங், அதன்கீழ் ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் ஒரு பெட்டி. நிறத்துக்கான லுமெட்ரியில் மட்டும் டிக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்தார். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் எல்லாப் பெட்டியிலும் டிக் இருந்தபடியே ஓகே கொடுத்துவிட்டாராம். ஒரு குளோசப்புக்காகப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த அளவு, தாலி கட்டும் ஷாட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் நின்ற பெண்ணின் தாய் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். வீட்டில் போட்டுப் பார்த்த பெண் போன் செய்து, "எங்க அம்மா எங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் இறங்குகிறது.

இன்னொரு சிக்கல் ஹோமப் புகை. புகையில் படம் வெளிறிப்போகும் என்பதால் கான்ட்ராஸ்டைக் கூட்டுகிறார்கள். அதே அளவைப் புகை கலைந்த பிறகு எடுத்த கிளிப்பில் ஒட்டினால் தலைமுடி தார் பூசினாற்போல் அப்பிக்கொள்கிறது. அதனால் இவர் கேமரா வாரியாகப் பிரிப்பதோடு நிற்பதில்லை. புகைக்கு முன், புகைக்குள், லைட் பையன் இடம் மாறிய பின் என்று வெளிச்சத்தை வைத்தும் பிரிக்கிறார்.

மாமாவுக்கு இது பழகிய கணக்கு. லேபில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை பிரிண்டிங் வெளிச்சத்தின் அளவு இருந்தது. நடு எண் 25. "ஒரே செட்டப்னா முன் ஷாட்டோட நம்பரைத்தான்டா போடுவோம். போட்டுட்டு முகத்தைப் பார்ப்போம். வெயில் மாறியிருந்தா நம்பரும் மாறும்."

சினிமாவுக்கு நிறம் திருத்தும் டி.ஐ. அறைகளில் புழங்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளும் இந்தக் கணினியில் உண்டு. அந்தக் கருவியை உருவாக்கிய நிறுவனத்தை பிளாக்மேஜிக் 2009-ல் வாங்கியது. 2011-ல் இலவசப் பதிப்பு வந்தது. மாடியறைகளுக்கு அது எட்டியது அப்படித்தான். அதில் வேண்டிய கிளிப்பைத் தேர்ந்துகொண்டு, சரிசெய்து வைத்த கிளிப்பின் மேல் மவுஸின் நடுப் பட்டனை அழுத்தினால் போதும், நிறம் வந்து சேர்ந்துவிடும். மருமகன் செய்துகாட்டியபோது மாமா ஸ்டூலை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இந்த வேகத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெண்ணை வெளுப்பாகக் காட்டச் சொல்லிக் கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதற்காக வைத்த அளவு குடும்ப ஷாட்டுகளுக்கும் போகும்போது, பக்கத்தில் நிற்கும் அப்பாவின் நல்ல கறுப்பு சாம்பல் பூத்துவிடுகிறது. வெயிலில் உழைத்த முகம் அது. அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த எடிட்டர் அப்பாவின் முகத்தைத் தனியே வட்டமிட்டு, பழைய நிறத்துக்குக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு ஷாட்டுக்குப் பத்து நிமிடம் ஆனது.

இரவு ஒன்பதுக்குப் பந்தி கிளிப்புகள் வந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் டியூப்லைட். எல்லோர் முகத்திலும் பச்சை. மண்டபத்து அளவை ஒட்டிப் பார்த்துவிட்டு, உடனே எடுத்துவிட்டார். மாமா டீ வாங்கக் கீழே இறங்கினார். எடிட்டர் முதல் பந்தியின் முதல் இலையைப் பெரிதாக்கி, அதில் வைத்திருந்த வெள்ளைச் சோற்றிலிருந்து தொடங்கினார்.