சும்மா இருக்கும் போனும் படகுத்துறையும்

சட்டைப்பையில் கிடக்கும் போன் சும்மா இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ரேடியோ நெட்வொர்க்கைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிற எங்களுக்கோ, பேசுகிற போனைவிடப் பேசாத போன்தான் அதிக யோசனை தரும். எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும், ஓர் ஊரில் பேசிக்கொண்டிருக்கும் போன்கள் கொஞ்சம்; மற்றவை காத்திருப்பவை. கூப்பிட்டால் அவை ஒவ்வொன்றும் கிடைக்க வேண்டும். அதற்காக அவை ஓயாமல் டவரோடு பேசிக்கொண்டிருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கணக்குப் பிடிப்பதுதான் என் தொழில். அந்தக் கணக்கு மக்களின் போக்குவரத்தில் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவை அந்தமான் தீவுகள்.

4ஜி-யில் காத்திருக்கும் போன் பெரும்பாலான நேரம் தன் ரேடியோவை அணைத்துவைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் 1.28 விநாடிக்கு ஒருமுறை ஒரு கணம் விழித்து, தன்னை யாரும் தேடுகிறார்களா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். டவர் அனுப்பும் அந்தத் தேடல் செய்திக்குப் பேஜிங் என்று பெயர். தூங்குகிற போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியாது; எந்த டிராக்கிங் ஏரியாவில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பல டவர்களைச் சேர்த்து நாங்கள் வகுக்கும் வட்டாரம் அது. வட்டாரத்துக்குள் எங்கே நகர்ந்தாலும் போன் வாய் திறக்க வேண்டாம். எல்லை தாண்டினால் பதிவு செய்ய வேண்டும்.

வட்டாரம் பெரிதானால் பதிவுகள் குறையும். ஆனால் ஒரே ஓர் அழைப்புக்கு அத்தனை டவரும் பேஜிங் அனுப்ப வேண்டிவரும். சிறிதானால் பேஜிங் குறையும். எல்லைப் பதிவுகள் பெருகும். பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். கோட்டை எங்கே போடுவது என்பதை அந்த ஊர் மக்களின் நடமாட்டம்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் மலையோ காடோ ஆறோ பார்த்து, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் கோடு போடுவோம். அதே பழக்கத்தில் அந்தமான் வரைபடத்தைப் பார்த்தால், கடல்தான் இயற்கையான எல்லை என்று தோன்றும். போர்ட் பிளேரின் சாத்தம் துறையில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். எதிர்க்கரையில் பம்பூ பிளாட். வேலைக்கும் படிப்புக்கும் கடைகண்ணிக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு படகு நாள் முழுக்கப் போய்வருகிறது. அந்த நீரின் நடுவே கோடு போட்டால், கரை சேரும் ஒவ்வொரு படகும் ஒரு கட்டுப் பதிவுகளைச் சேர்த்தே இறக்கும்.

படகில் ஏறாத போனும் தப்பாது. நீர்ப்பரப்பின் மேல் சிக்னலை மறிக்க வீடோ மரமோ இல்லை. கரையோர வீட்டின் மேசையில் கிடக்கும் போனுக்கு இரண்டு கரை டவர்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும். சற்று ஏறி இறங்கினாலும் போன் டவர் மாறும்; டவர் மாறினால் வட்டாரமும் மாறும். பதிவேட்டைத் திறந்தால் நள்ளிரவில் ஒரே போன் இரண்டு வட்டார எண்களுக்கு நடுவே மாறி மாறிப் பதிந்திருப்பது தெரியும். ஆள் தூங்குகிறார், போன் தூங்கவில்லை. பேட்டரி வீணாகிறது, டவரின் நேரம் வீணாகிறது, பதிவு மாறும் இடைவெளியில் வரும் அழைப்பு தவறவும் கூடும்.

இதற்கு மருந்து உண்டு. புதிய டவர் பழையதைவிடச் சில டெசிபல் கூடுதலாக, சில விநாடிகள் நிலையாகக் கேட்டால்தான் மாற வேண்டும் என்று வைக்கலாம். மேலும், 4ஜி-யில் ஒரு போனுக்கு 16 வட்டாரங்கள் வரை பட்டியலாகவே கொடுக்கலாம். இரு கரைகளையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டால் படகு எத்தனை முறை போய்வந்தாலும் போன் பேசாமல் இருக்கும். பட்டியல் பெரிதாவதால் கூடும் பேஜிங்கைப் படிப்படியாக அனுப்பிக் குறைக்கலாம்: முதலில் போன் கடைசியாகத் தென்பட்ட டவர், பதில் இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ளவை, அதற்கும் பிறகுதான் பட்டியல் முழுவதும்.

அடுத்தது நேரக் கணக்கு. நகராத போனும் இடையிடையே 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். விதிமுறை தரும் இயல்பான இடைவெளி 54 நிமிடம். அதற்கு மேல் 4 நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நெட்வொர்க் பேஜிங்கை நிறுத்தும். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு நடுக்கடலில் சிக்னல் இழந்தபின், அதிலுள்ள போன்களுக்கான பேஜிங் ஒரு மணி நேரம் வரை வெறும் காற்றில் போகலாம். இடைவெளியைக் குறைத்தால் அந்த வீண் குறையும். ஆனால் கரையில் இருக்கும் போன்களெல்லாம் அடிக்கடி விழித்துப் பதிவு செய்யும். கடலில் இருக்கும் சிலருக்காகக் கரையில் இருக்கும் எல்லோரின் பேட்டரியையும் செலவழிப்பது நியாயமில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

தீவுகளில் மனிதர்கள் கூட்டமாக மறைந்து கூட்டமாக வெளிப்படுவார்கள். சென்னையிலிருந்து இரண்டு மூன்று நாள் கடலில் வரும் கப்பல் போர்ட் பிளேரின் ஹாடோ துறையை நெருங்கும்போது நூற்றுக்கணக்கான போன்கள் ஒன்றாக விழித்து ஓரிரு டவர்களை மொய்க்கும். ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே குறித்த நேரத்தில் வரிசையாகப் போகும் வாகனங்கள் ஜிர்காடாங்கில் சிக்னலை விட்டு, காடு கடந்தபின் மறுபடி பிடிப்பதும் இப்படித்தான். அந்த டவர்களில் பதிவுக்கான இடத்தைச் சராசரியைப் பார்த்து ஒதுக்கக் கூடாது; கப்பல் வரும் மணியைப் பார்த்து ஒதுக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய இடங்களையும் அது இணைத்தது. அதற்குமுன் எல்லாம் செயற்கைக்கோள் வழி. 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கிப் பதில் வர அரை விநாடி ஆகும். ஒரு பதிவுக்குப் பல செய்திகள் போய்வர வேண்டும். அப்போது வீண் பதிவு ஒவ்வொன்றும் உறைத்தது. கேபிள் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று இளைய பொறியாளர்கள் கேட்கிறார்கள். கேபிள் டவர்வரைதான் வரும். டவருக்கும் போனுக்கும் நடுவிலுள்ள அலைவரிசை அதே அளவுதான். செய்திகள் பெருகினால் கேபிள் மட்டும் காப்பாற்றாது: 2012 ஜனவரியில் டோக்கியோவில் டோகோமோ நெட்வொர்க் திணறியது ஸ்மார்ட்போன் செயலிகள் கிளப்பிய கட்டுப்பாட்டுச் செய்திகளின் பெருக்கத்தால்தான். அங்கே கேபிளுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தச் சிக்கனத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பேட்டரி மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட தீவுகள் இவை. அப்படியொரு நாளில் எல்லோரும் எல்லோரையும் தேடுவார்கள். நெட்வொர்க்கில் மிச்சம் வைத்த இடம்தான் அப்போது கைகொடுக்கும். சாதாரண நாளில் வீணடித்துப் பழகிய நெட்வொர்க்குக்கு அந்த நாளில் கொடுக்க எதுவும் இருக்காது. 5ஜி-யில் இணைப்பை முழுதாக விடாமல் போனைத் தூங்கவைக்கும் புதிய நிலை ஒன்று வந்திருக்கிறது. அதற்கும் ஒரு வட்டாரம் வரைந்தாக வேண்டும். அதை வரைய உட்காரும் பொறியாளருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மென்பொருளைத் திறக்குமுன் படகு நேர அட்டவணையை வாங்கிக்கொண்டு துறையில் ஒரு நாள் நில்லுங்கள். யார் எங்கே போய் எப்போது திரும்புகிறார்கள் என்று தெரிந்தபின் போடும் கோட்டை, அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்காது.