அக்கராயனில் ஒரு சிறுகாடு

வேல்ஸ் நாட்டுப்புறத்தில் மூன்று நான்கு ஏக்கர் காட்டை ஒரு குடும்பம் விலைக்கு வாங்கித் தன் பெயரில் உறுதி முடிக்கலாம். பெரிய மரத்தோட்டங்களைத் துண்டு பிரித்து விற்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் அங்கே உண்டு. வாங்கியவர் அதில் வீடு கட்டிக் குடியிருக்க அனுமதி கிடைப்பது அரிது. ஆனால் விறகு எடுக்கலாம், நெருங்கி நிற்கும் மரங்களைக் கலைத்து மற்றவற்றை வளரவிடலாம், பிள்ளைகளோடு கூடாரம் அடித்துத் தங்கலாம். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏ9 வீதியிலிருந்து மேற்கே திரும்பிக் கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் போகிற பாதையில் இந்தச் செய்தியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு, பிறகு வயல், பிறகு குளக்கட்டு, அதற்கப்பால் ஸ்கந்தபுரம் என்று நிலம் மாறிமாறி வருகிறது. இந்த நிலத்தில் பிறந்த ஒருவர் நாலு ஏக்கர் காட்டைத் தன்னுடையது என்று சொல்ல வழி உண்டா? சட்டப்படி ஏறக்குறைய இல்லை. காட்டை விற்கவும் வாங்கவும் விடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தனக்குக் கிடைத்த காணியைக் காடாக வைத்திருக்க ஒருவருக்கு உரிமை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

இதன் வேர் 1840ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்று வைத்தது. கோப்பித் தோட்டக்காரருக்கு மலைநாட்டு நிலத்தை விற்க ஆங்கிலேயருக்கு அந்தச் சட்டம் உதவியது. அதன் நிழல் வன்னிவரை நீண்டது. வெட்டி வெளியாக்கிய நிலத்துக்கு உரித்துக் கேட்கலாம், மரம் நிற்கிற நிலத்துக்குக் கேட்க முடியாது என்ற எண்ணம் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அதே தடத்தில் நடந்தது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர் அதைத் துப்புரவாக்கிப் பயிர்செய்ய வேண்டும், அனுமதியின்றி விற்கக் கூடாது, குறித்த அளவுக்குக் கீழே பிரிக்கக் கூடாது. இன்றும் இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அரசுடையது. அக்கராயன் போன்ற இடங்களில் உறுதிக் காணி குறைவு, பெர்மிட் காணிதான் அதிகம். பெர்மிட்காரர் தன் மேட்டுக்காணியில் பாலைக் கன்றுகளை வளரவிட்டால் அது அபிவிருத்தி ஆகாது, கைவிட்ட காணி என்ற கணக்கில் போய்விடும். பெர்மிட்டைப் பறிகொடுக்காமல் இருக்க அவர் வெட்டித்தான் ஆகவேண்டும்.

இது வெறும் அச்சமல்ல என்பதை 2009க்குப் பிந்திய ஆண்டுகள் காட்டின. 2008இன் பிற்பகுதியில் போர் நெருங்கியபோது அக்கராயன் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். வன்னி முழுவதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த மேட்டுக்காணிகளில் பற்றை ஏறி, பற்றைக்குள்ளிருந்து மரம் எழும்பியது. மீளக்குடியேறியவர்களில் பலர் தங்கள் காணிக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லைக் கண்டார்கள். 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்குக் காடாக அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் அந்தத் திணைக்களத்தின் கையில் கொடுத்திருந்தது. 2020இல் அது நீக்கப்பட்டபோது இயற்கை ஆர்வலர்கள் காடு போய்விடும் என்று வருந்தினார்கள், காணி இழந்தவர்கள் ஓரளவு மூச்சுவிட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததாகவே நான் நினைக்கிறேன். ஆனால் காட்டைக் காப்பதும் காணியை வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்பதை இரு தரப்புமே கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தன. என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பகை தேவையில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரை 1963இல் தம்புள்ளைக்கு அருகே, கண்டலம வீதியோரத்தில், சேனைப் பயிர் செய்து கைவிடப்பட்ட பற்றை நிலத்தை வாங்கினார். முதலில் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். வறட்சி அவற்றைக் கொன்றது. பிறகு நடுவதை விட்டு, முட்பற்றையை மட்டும் பார்த்துப் பார்த்து அகற்றி, தானாக முளைத்திருந்த மரக்கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கொடுத்தார். முதிரை, பாலை, கருங்காலி, வீரை எல்லாம் எழும்பின. இன்று அது உலர்வலய மரங்களின் காட்சிச்சோலையாக, கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அக்கராயனின் மண்ணும் மழையும் தம்புள்ளையினுடையவை அல்ல என்பது சரி. ஆனால் வடகீழ்ப் பருவமழையை நம்பியிருப்பதும் நீண்ட கோடையும் இரண்டுக்கும் பொது. மரங்களில் பெரும்பாலானவையும் பொது. நாற்றுமேடையும் தண்ணீர்க் குழாயும் பெருஞ்செலவும் இல்லாமல், ஒரு கத்தியும் பொறுமையும் உள்ள குடும்பம் செய்யக்கூடிய முறை இது. வன்னியில் எந்தப் பற்றைக்குள் பாலைக்கன்று நிற்கிறது என்று காட்டித்தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவை எந்தத் திட்டமும் இதுவரை கூலி கொடுத்தோ மரியாதை கொடுத்தோ பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

தனியார் கையில் மரம் நின்றால் அரிவு மரமாகப் போய்விடும் என்பார்கள். முதிரைக்கு இருக்கிற விலையைப் பார்த்தால் இந்தப் பயம் இயல்பானதே. வேல்ஸிலும் காட்டுச் சொந்தக்காரர் நினைத்தபடி வெட்ட முடியாது. மூன்று மாதத்துக்கு ஐந்து கன மீற்றர்வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம், அதிலும் இரண்டு கன மீற்றருக்கு மேல் விற்கக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அரச நிறுவனத்தின் உரிமம் வேண்டும். இங்கும் பெண்பனையையும் பலாவையும் வெட்டக் கட்டுப்பாடு வைத்த சட்டம் 1951இலிருந்தே இருக்கிறது, பெறுமதியான மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். ஆகவே கட்டுப்பாட்டுக்கு ஏற்பாடு உண்டு. நம்மிடம் இல்லாதது, மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதில் பயன் காணும் மனிதர். ஒதுக்குக் காட்டில் இரவில் மரம் விழுந்தால் பறிபோவது யாருடைய பொருளும் அல்ல. தன் காணியின் முதிரைக்குத் தானே பொறுப்பானவர் நாய் குரைத்தாலே எழுந்து பார்ப்பார்.

காணியில்லாதவர்கள் இருக்கும்போது காட்டுக்கு நிலமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. கிளிநொச்சியில் வயல் இல்லாத குடும்பங்களும், பெற்றோரின் ஒரே துண்டில் மூன்று குடும்பமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய நிலத்தை மரத்துக்கு ஒதுக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. நான் சொல்வது ஏற்கெனவே வழங்கப்பட்ட, வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிகளை மட்டும். குளத்து நீர் காலபோகத்துக்குப் போதும், சிறுபோகத்துக்குக் குளத்தின் மட்டத்தைப் பார்த்து ஏக்கர் குறைத்தே விதைக்கிறார்கள். மேட்டில் கோடை முழுவதும் பயிரிட வசதியில்லாமல் வெறுமையாய்க் கிடக்கும் துண்டில் மரம் நிற்பதால் எவருடைய சோறும் குறையாது. குளத்துக்கு அது நன்மை. நீரேந்து பகுதியும் அலைகரையும் மொட்டையானால் மாரியில் மண் இறங்கிக் குளம் தூர்ந்து போகும். அதற்குப் பிறகு வான் பாயும், வயலுக்குத் தண்ணீர் இராது. சோளகக் காலத்தில் பாலைப்பழம் விற்றுக் கிடைக்கும் காசும், விறகும், தேனும் சிறியவைதான், ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு அவையும் கணக்கு.

யானையைப் பற்றிய ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பெருங்காட்டை ஒட்டிய காணிகளில் மரம் அடர்ந்தால் யானை வீட்டு வாசல்வரை மறைவில் வரும். அந்த ஓரக் காணிகளை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். புலம்பெயர்ந்தவர்களின் பணம் வந்து காணி விலையை ஏற்றிவிடும் என்ற கவலைக்கு அவ்வளவு அடிப்படை இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை வேண்டும். பெர்மிட் காணி என்றால் அனுமதியின்றி விற்கவே முடியாது. காட்டின் மீது ஆசையுள்ள உறவினர் ஊரிலுள்ள அக்காவின் காணிக்கு வேலி அடைக்கப் பணம் அனுப்பலாம், அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

தேவையான மாற்றம் சிறியது. மேட்டுக்காணியில் உள்ளூர் மரங்களை வளரவிட்டுப் பராமரிப்பதும் அபிவிருத்தியே என்று பெர்மிட்டின் நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படிப் பதிந்த காணியை வனவளத் திணைக்களம் பின்னாளில் கோராது என்ற எழுத்து மூல உறுதியைப் பிரதேச செயலகம் பெற்றுக் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. பாலை மெதுவாக வளரும் மரம், வளர்ப்பவர் அதன் முழு வளர்ச்சியைக் காணமாட்டார். அதனால் பின்னுரித்து உறுதியாக இல்லாத காணியில் எவரும் பாலை வளர்க்கத் துணியமாட்டார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்திருந்த பழைய வாரிசு வரிசையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றியிருப்பதால், தகப்பன் வளரவிட்ட காட்டை இப்போது மூத்த மகளும் சட்டப்படி பெறலாம். பெர்மிட்டோடு நின்றுபோன காணிகளுக்கு அளிப்புப் பத்திரம் கொடுக்கும் வேலையைக் கரைச்சிப் பிரதேசத்தில் முதலில் அக்கராயன் குளத்தின் நீரேந்து பகுதியை ஒட்டிய மேட்டுத் துண்டுகளிலிருந்து தொடங்கலாம்.