காஜா எடுக்க ஆள் வேண்டும்

ஜப்பானின் கொஜிமா ரயில் நிலையத்தில் டிக்கெட் வாயிலிலேயே ஜீன்ஸ் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் அஜினோ கடைத்தெருவில் தலைக்கு மேலே கயிறு கட்டி வரிசையாக ஜீன்ஸைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஷட்டர் இறங்கிக் கிடந்த பழைய கடைத்தெரு 2009 வாக்கில் ஜீன்ஸ் தெருவாக மாறியது. போட்டோ எடுக்க நல்ல இடம்தான். தொழிலைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துச் சந்துகளுக்குள் நுழைய வேண்டும்.

அப்படியொரு சந்தில் அம்மாவும் மகனும் நடத்தும் கடைக்குப் போயிருந்தேன். ஒகயாமாவில் வேலை பார்க்கும் நண்பர் மொழிபெயர்க்க உடன் வந்தார். முன்னால் விற்பனை, பின்னால் தையல். மகன் நிறையப் பேசினார். அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

தாத்தா காலத்தில் இங்கே பள்ளிச் சீருடை தைத்தார்களாம். ஊரின் கதையும் அதுதான். கடலைத் தூர்த்து எடுத்த உப்பு நிலத்தில் நெல் சரியாக விளையவில்லை, பருத்தி விளைந்தது. பருத்தியிலிருந்து பட்டை நாடா, தாபி என்னும் காலுறை, பின்னர் சீருடை என்று தொழில் வளர்ந்தது. கனத்த துணியைத் தைத்துப் பழகிய கைகள் இருந்ததால்தான், பிற்பாடு பிக் ஜான் என்று பெயரெடுத்த மருவோ நிறுவனம் 1965இல் அமெரிக்க டெனிமை வரவழைத்து இங்கே ஜீன்ஸ் தைக்க முடிந்தது. 1973இல் குராபோ ஆலை ஜப்பானிலேயே டெனிம் நெய்துவிட்டது.

அம்மா உட்கார்ந்திருந்தது யூனியன் ஸ்பெஷல் 43200ஜி மெஷின் முன்னால். கால் மடித்துத் தைப்பதற்கென்றே அமெரிக்காவில் செய்தது; இப்போது தயாரிப்பில் இல்லை. மடிக்க வேண்டிய ஓரத்தை மெஷினின் வாய்க்குள் கொடுத்து, பேண்ட்டின் காலை வட்டமாகச் சுற்றி விடுகிறார். சில நொடிகளில் சங்கிலித் தையல் விழுந்துவிடுகிறது. மேலே மடிந்த துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகராததால் மடிப்பு லேசாக முறுக்கிக்கொள்கிறது. துவைக்கத் துவைக்க முறுக்கின் மேடுகள் மட்டும் வெளுத்துச் சாய்வுக் கோடுகள் விழும். பொறியாளர் பார்த்தால் மெஷினில் கோளாறு என்பார். அந்தக் கோளாறு வேண்டுமென்றுதான் வேறு கடையில் வாங்கிய பேண்ட்டைக்கூட இங்கே அனுப்புகிறார்கள்.

வெளுப்புக்கு இத்தனை மதிப்பு வரக் காரணம் சாயமிடும் முறை. பாவு நூல்களைக் கயிறாகச் சேர்த்து இண்டிகோவில் முக்குவது, காற்றுப்பட விடுவது, மறுபடி முக்குவது. சாயம் நூலின் மேற்புறத்திலேயே நின்றுவிடும், உள்ளே வெள்ளை. உராய உராய அந்த வெள்ளை வெளியே வரும். உடுத்துகிறவர் தன் உடம்புக்கேற்ற வெளுப்பு வரட்டும் என்று ஒரே பேண்ட்டை வருஷக்கணக்கில் போடுகிறார். கடைக்காரருக்கு இது வினோதமான வியாபாரம். சரக்கு நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார்! மடிப்பும் கிழிசல் டார்னிங்கும்தான் அவர்களை மறுபடி வாசலுக்குக் கொண்டுவருகின்றன.

குடும்பத்தில் வாரிசு இருந்தால் கடை நிலைத்துவிடும் என்று நாம் நினைப்போம். இங்கே அது போதாது. வெட்டுவது ஓரிடம், காஜா ஓரிடம், சலவை வேறிடம். நம்மூர் டெய்லர் சட்டையைக் காஜாவுக்கு வெளியே கொடுத்தனுப்புவது மாதிரிதான். அந்தப் பட்டறைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பெரிய தையல் ஆலைகளுக்கு வியட்நாமிலிருந்து தொழில் பழகுபவர்கள் வருகிறார்கள்; விசாக் காலம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். குறுகிய அகலத்தில் கரையோடு நெய்யும் பழைய நாடாத் தறிகளுக்கு உதிரிபாகமே செய்வதில்லை. ஒரு தறியைக் கழற்றி இன்னொன்றை ஓட்டுகிறார்கள்.

நாலு வீடு தள்ளிக் காஜா எடுத்த பெரியவர் தொழிலை நிறுத்தியபோது, மகன் அவருடைய மெஷினை விலைக்கு வாங்கிவிட்டார். மாதத்தில் சில நாள்தான் அதற்கு வேலை. பணம் முடங்கிவிட்டது என்று அம்மாவுக்கு வருத்தம். கணக்குப்படி அம்மா சொல்வது சரி. ஆனால் அடுத்த காஜாக்காரர் எங்கே என்று கேட்டால் அவரிடமும் பதிலில்லை. நான் மகன் பக்கம்.

சலவைப் பட்டறையை மட்டும் இப்படி வாங்கி வீட்டுக்குள் வைக்க முடியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி வேண்டும். அதை நடத்துபவருக்கு ஒரே மகள், ஒசாகாவில் வேலை. புத்தாண்டு விடுமுறைக்கு வருகிறவளிடம் யார் பேச்செடுப்பது என்று அம்மாவும் மகனும் எங்களை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.